குங்குமத்தின் மேல் விழுந்த பழி

அலர்ஜி மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், அருணாதேவி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவாள். திருவண்ணாமலை பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் அப்துல் ரசாக்கின் மருந்துக் கடை. அங்கே அவள் மருந்தாளுநராகச் சேர்ந்த நாளிலிருந்து, மாத்திரை வாங்கினால் பாடம் இலவசம் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அது கிண்டலாகவே படாது.

"பௌர்ணமிக்கு நம்ம பஸ் ஸ்டாண்டுல பாத்திருப்பீங்களே" என்று தொடங்குவாள். "பஸ்ஸு உள்ள வரும்போதே ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டு புடிப்பாங்க இல்ல? இந்த மாத்திரையும் அதான் செய்யுது. ஒடம்புல ஹிஸ்டமின்னு ஒண்ணு, தோலுக்கு அடியில மூட்டை மூட்டையா கட்டி வச்சிருக்கும். ஒத்துக்காதது பட்டுச்சுன்னா மூட்டை அவுந்துக்கும். அது ஓடிப்போயி அதுக்குன்னு இருக்கிற சீட்டுல ஒக்காந்தாதான் செவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம். மாத்திரை முன்னாடியே போயி சீட்டுல துண்டைப் போட்டுடும். ஹிஸ்டமின் வரும், பாக்கும், எடமில்ல. போயிடும்."

"துண்டைத் தூக்கிப் போட்டுட்டு ஒக்காந்துட்டா?" என்று ஒருமுறை செங்கத்துக்காரர் ஒருவர் கேட்டார்.

"அதுக்குத்தான் தினம் ஒரு துண்டு."

கல்லாவில் இருந்த ரசாக் பாய் நிமிராமலே சொன்னார்: "அருணா, அங்க அவரு பஸ்ஸு கெளம்புது. அவருக்குத் துண்டு போட யாரும் இல்லம்மா, வுட்டுடு."

அவள் கணவன் கலையரசனின் வேலையும் விளக்கச் சொல்லிக் கேட்கிற வேலைதான். அடி அண்ணாமலையில் பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருந்தார்கள். இரண்டு இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சேர்த்தால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே முடியளவு விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் ஒருநாள் வெடிக்கும். அதனால் எலும்பை எக்ஸ்ரே எடுப்பதுபோல இணைப்பையும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். குழாயின் ஒரு பக்கம் பிலிமைக் கட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து கதிரைப் பாய்ச்சுவார்கள். கதிர் வருவது மிளகளவு உள்ள ஒரு உலோகத் துண்டிலிருந்து. அதைச் 'சோர்ஸ்' என்பார்கள். அது எப்போதும் கதிர் வீசிக்கொண்டே இருக்கும், அணைக்க முடியாது. ஒளித்துவைக்க மட்டும்தான் முடியும். ஆகவே கனமான ஒரு பெட்டிக்குள் அதை அடைத்து வைத்திருப்பார்கள். பெட்டியிலிருந்து ஒரு குழல் நீண்டு வெல்டிங் வரை போகும். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் கம்பி தள்ளிக்கொண்டு போய்ச் சோர்ஸைக் குழலின் முனையில் நிறுத்தும். படம் விழுந்ததும் எதிர்ப்பக்கம் சுற்றினால் பெட்டிக்குள் திரும்பிவிடும்.

அவனோடு வேலை செய்யும் இளவரசன் கைப்பிடி சுற்றுவான். கலையரசன் குழலின் முனையை இணைப்பின்மேல் வைத்து டேப் ஒட்டுவான், எடுப்பான், அடுத்த இணைப்பில் ஒட்டுவான். குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்குக்குள் விரலை விட்டு டேப்பின் நுனியைத் தேடிப்பிடிக்கிற பொறுமை அந்தக் குழுவில் அவனுக்கு மட்டும்தான் உண்டு. வீட்டில் ஊசியில் நூல் கோப்பதும் அவன்தான். மிக்ஸியைப் பிரித்து, திருகாணிகளைத் தட்டில் வரிசையாக வைத்து, மறுபடி மாட்டுவதும் அவன்தான். அந்தக் கையை நம்பித்தான் வீட்டு மனைக் கடன், வண்டிக் கடன் இரண்டுக்கும் அருணாதேவி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவளும் வேங்கிக்காலில் இருந்த அவர்கள் அலுவலக அறைக்குப் போனாள். ஸ்பானர், சுத்தியல், டேப், கைப்பிடி, சோர்ஸ் பெட்டி எல்லாம் கழுவித் துடைத்து ஒரு பலகைமேல் இருந்தன. கூடவே மீட்டர். செங்கல் அளவில் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பக்கத்தில் கதிர் இருந்தால் முள் நகரும், கிரீச்சென்று சத்தம் போடும். கலையரசன் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, மூன்று விரலால் குங்குமத்தை அள்ளி அள்ளிப் பொட்டு வைத்தான். மீட்டரின் கைப்பிடியில் சாமந்திச் சரம் சுற்றினான்.

"மாப்ள மாதிரி இருக்குது" என்றாள் அருணாதேவி.

"மாப்ளதான். வேலையே செய்யாது, சும்மா பாத்துக்கினே இருக்கும்" என்றான் இளவரசன்.

எல்லோரும் சிரித்தார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். மதியம் குழாய் பதிக்கும் இடத்திலிருந்து போன் வந்தது. விடுமுறை, ஆளே இல்லை, படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, இன்றே முடித்துத் தாருங்கள் என்றார்கள். கலையரசனும் இளவரசனும் கிளம்பிப் போய் இருட்டுவதற்குள் முடித்துத் திரும்பினார்கள்.

மறுநாள் காலையில் கலையரசனின் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் சிவந்திருந்தன. லேசான வீக்கம், சூடு, நமைச்சல்.

அருணாதேவிக்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "எந்த வெரலால குங்குமத்த எடுத்தீங்க?"

அவன் மூன்று விரலையும் குவித்துக் காட்டினான்.

"பாத்தீங்களா! அது மஞ்சள்ல செஞ்ச குங்குமமே இல்ல. சாயம். காந்துதா?"

"காந்துது. அரிக்கவும் அரிக்குது."

அலர்ஜிக்கான செட்ரிசின் அட்டையில் ஒன்றைப் பிதுக்கித் தந்தாள். துண்டு, சீட்டு, பஸ் எல்லாவற்றையும் அவனுக்கும் ஒருமுறை சொன்னாள். அவன் ஏற்கெனவே பலமுறை கேட்டதுதான்; ஆனாலும் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி டீச்சர்" என்றான். தினம் ஒன்றாகப் போட்டான். இரண்டு மூன்று நாளில் சிவப்பு வடிந்து விரல்கள் பழையபடி ஆகிவிட்டன.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக் குங்கும டப்பாவைக் குப்பையில் கொட்டினாள். கோயில் தெருவில் பூஜை சாமான் கடையில் போய் நின்று, உங்கள் சரக்கை நாக்கில் வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்று சண்டை பிடித்தாள். மருந்துக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கலையரசனின் விரல் கதையைச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கே" என்று ஆரம்பித்தால் பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

"கோயில் ஊருல இருந்துக்கினு குங்குமத்த இவ்ளோ திட்டுற ஒரே ஆளு நீதாம்மா. ஜாஸ்தி பேசாத, எனக்குத்தான் பேரு கெட்டுடும்."

தீபாவளி அன்று காலை அவள் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கலையரசன் விரலால் தொட்டு உச்சியில் வைக்கப் போனவன், கையை உதறினான்.

"இன்னாங்க, சூடு ஜாஸ்தியா?"

"எண்ணெ சூடு இல்ல. வெரலு."

அதே மூன்று விரல்கள். நுனிகள் கருஞ்சிவப்பாக உப்பியிருந்தன. மாலைக்குள் கொப்புளம் கட்டியது. அவள் மறுபடி செட்ரிசின் கொடுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. கொப்புளம் பெரிதாகி, தோல் தண்ணீர்ப் பைபோல் தளும்பியது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இளம் மருத்துவர் கண்ணை உயர்த்தாமல் கேட்டார்: "வெடியா, புஸ்வாணமா?"

"ரெண்டும் இல்லைங்க சார். வெடியே வாங்கல."

"காலையில இருந்து எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நமுத்துப்போச்சுன்னு கையில எடுத்துப் பாத்திருப்பீங்க."

பக்கத்தில் இருந்த கிழவர் கலையரசனின் தோளைத் தட்டி, "நானும் அணுகுண்டு இல்லன்னுதான்பா சொன்னேன்" என்றார். கலையரசனுக்குச் சிரிப்பு வந்தது. அருணாதேவிக்கு வரவில்லை. களிம்பும், அரிப்பு இருந்தால் போட்டுக்கொள்ள அதே செட்ரிசினும் எழுதித் தந்தார்கள். அன்றைக்கு அந்த வரிசையைப் பார்த்த யாரும் வேறெதுவும் நினைத்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபின்தான் அவளுக்குக் கணக்கு இடித்தது. குங்குமம் குப்பைக்குப் போய்விட்டது. தொடாத பொருள் எப்படி மறுபடி ஒத்துக்கொள்ளாமல் போகும்? அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அலர்ஜி என்றால் ஓரம் கலைந்திருக்கும், விரலின் முதுகுக்கும் ஏறும். இது அப்படி இல்லை. மூன்று விரலின் சதைப்பகுதியில் மட்டும், ஒன்றையொன்று பார்த்தபடி, பட்டாணியளவுள்ள ஏதோ ஒன்றைச் சுற்றி இருந்தது. எதையோ கிள்ளிப் பிடித்த கையின் அச்சு.

"எதப் புடிச்சீங்க?"

"எதையும் புடிக்கலயே."

"வேலையில இந்த மாதிரி எதப் புடிப்பீங்க?" அவன் விரல்களைக் குவித்துக் காட்டினாள்.

"குழலு முனையத்தான். இப்படிப் புடிச்சுக்கினு, இந்தக் கையால டேப்பை..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"பூஜை அன்னிக்கு டேப்பு சுலபத்துல ஒட்டினுச்சா?"

"இல்ல. எண்ணெப் பிசுக்கு. கொஞ்ச நேரம் புடிச்சுக்கினே இருந்தேன்."

"மீட்டர் இன்னா காட்டிச்சு?"

வெளியே தெருவில் சரவெடி ஒன்று நெடுநேரம் வெடித்து ஓய்ந்தது.

"மீட்டர் பூஜையில இருந்துச்சு அருணா" என்றான். "பூஜைக்கு வச்சத மறுநாளுதான் எடுக்கணும். பொட்டிய எடுத்தாதான் வேலை, அத எடுத்தாச்சு. மொத்தத்தையும் எடுத்தா பூஜை கலைஞ்ச மாதிரி ஆயிடுமே, ஒண்ணாவது இருக்கட்டும்னு... அது வேலை செய்யற சாமான் இல்லயேன்னு..."

அவளுக்குச் சாமந்திச் சரமும், முள்ளின் கண்ணாடிமேல் வைத்த சந்தனப் பொட்டும் கண்முன் வந்தன. தானும் சிரித்தது காதில் கேட்டது.

இளவரசனுக்குப் போன் போட்டாள். அவன் முதலில் ஒன்றும் இல்லை என்றான். அவள் விரல்களின் நிலையைச் சொன்னதும் குரல் உடைந்தது.

"நடுவுல வீட்டுலருந்து போனு வந்துச்சு அண்ணி. பேசிட்டு வந்தேன். சோர்ஸ உள்ள இழுத்துட்டேன்னுதான் நெனச்சேன். அண்ணன் முனைய எடுத்து அடுத்ததுல ஒட்டினாரு. அப்புறம் வெளிய தள்ளலாம்னு சுத்தினேன், கைப்பிடி முன்னால போவல. சிக்கிக்கிச்சுன்னு நெனச்சு உள்ள இழுத்துட்டு மறுபடி தள்ளினேன். போச்சு."

"சிக்கிக்கிச்சுன்னுதான் நெனச்சியா?"

"அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன் அண்ணி."

கைப்பிடி ஏன் முன்னால் போகவில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கியது. ஏற்கெனவே முனையில் இருப்பதை அதற்குமேல் எங்கே தள்ளுவது? கலையரசன் கிள்ளிப் பிடித்திருந்த குழலுக்குள், அவன் மூன்று விரலுக்கும் நடுவே, அந்த மிளகு இருந்திருக்கிறது. சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, வாடை இல்லை. சொல்லக்கூடிய ஒரே வாய் வேங்கிக்காலில் மாலை போட்டுக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்திருந்தது.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில், இப்படிப்பட்ட காயங்களைப் பார்க்கத் தெரிந்த பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார்; இருவரும் அவரிடம் போனார்கள். அரைகுறையாகச் சொல்லி அனுப்புகிறவர் இல்லை. அருணாதேவி மருந்தாளுநர் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் சொல்லச் சொல்ல, இதெல்லாம் எப்படி நடக்கிறது என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்துகொண்டே வந்தது. அதுதான் கொடுமையாக இருந்தது.

தோல் என்பது ஒரு கடை. நாம் தொட்டுப் பார்ப்பது முன்பக்க அலமாரி. அங்கே இருப்பவை தினமும் உதிர்ந்து போகிற செல்கள். அவற்றைச் செய்து மேலே அனுப்புகிற கிடங்கு அடியில் இருக்கிறது. கதிர் அலமாரியைத் தொடாமல் கிடங்கைத்தான் எரித்தது. அடியில் உள்ள செல்கள் இனிப் பிரிந்து பெருக முடியாது. ஆனால் அலமாரியில் சரக்கு இருக்கிறவரை கடை திறந்திருப்பதுபோலத்தான் தெரியும். வழக்கம்போல் மேல்தோல் உதிர்ந்துகொண்டே வரும். கீழிருந்து எதுவும் வராது. சில வாரத்தில் அலமாரி காலி. அப்போதுதான் கொப்புளம்.

"அப்போ முதல்ல வந்த சிவப்பு, மேடம்?"

"அடி விழுந்ததும் ரத்தக்குழாய் விரியும். கொஞ்சம் ஹிஸ்டமினும் வெளியே வந்திருக்கும். ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும்."

"செட்ரிசின் குடுத்தேன். கேட்டுச்சு."

மருத்துவர் அவளைப் பார்த்தார். "அரிப்பைக் கொஞ்சம் குறைச்சிருக்கும். சிவப்பு, நீங்க கொடுக்கலைன்னாலும் போயிருக்கும்."

அருணாதேவி கேட்கவேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கேட்டாள். "அன்னிக்கே இங்க கூட்டிட்டு வந்திருந்தா?"

"என்ன நடந்ததுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். புண்ல சீழ் பிடிக்காம பாத்துக்கிறது, வலியைக் குறைக்கிறது, இதெல்லாம் கொஞ்சம் முன்னாடி தொடங்கியிருப்போம். விரலோட கதி அந்த ஒரு நிமிஷத்துலயே முடிவாயிடுச்சும்மா. நீங்க செஞ்ச எதுவும் அதை மாத்தல. செய்யாம விட்டதும் மாத்தல."

ரத்தப் பரிசோதனையில் உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தது. கதிர் விரல்களோடு நின்றிருந்தது. நுனிகள் போகும். எவ்வளவு போகும் என்று இப்போதே சொல்ல முடியாது. உயிருள்ள தோலும் இல்லாத தோலும் தாமாகவே பிரிந்து ஒரு கோடு விழும், கோடு தெரிந்தபிறகுதான் வெட்டுவோம் என்றார் மருத்துவர். அதுவரை சுத்தமாக வைத்திருந்து, கட்டுப் போட்டு, காத்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் கலையரசனின் அம்மா உண்ணாமலை அடி அண்ணாமலையிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்று, "இது ஒட்டுமாம்மே? தெருவுல பேசிக்கிறாங்க" என்று கேட்டாள்.

"ஒட்டாது அத்தே. டார்ச் லைட்டு மேல பட்டா நாம வெளிச்சம் அடிப்போமா? பட்டுச்சு, போயிடுச்சு. அவரு கையில இப்ப ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா வெரலு கருக்குது?" என்று சொல்லிவிட்டு உண்ணாமலை அழுதாள். இந்தக் கேள்விக்கும் அருணாதேவியிடம் சரியான விடை இருந்தது. கிடங்கையும் அலமாரியையும் சொல்லலாம். அவள் மாமியாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

கடையில் அவள் இப்போது மாத்திரையை மட்டும் கொடுத்தாள். பாய் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ தப்பான மாத்திரை குடுக்கலம்மா."

"தப்பா குடுத்திருந்தா தேவல பாய்" என்றாள். "தப்பு செஞ்சிருந்தேன்னா, சரியா செஞ்சிருந்தா பொழச்சிருக்கும்னு ஆவும். இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான்."

பாய் வெளியே போய் அவளுக்காகத் தேநீர் சொல்லிவிட்டு வந்தார்.

தீபத் திருவிழா நெருங்கியது. சாலைகளில் தடுப்புக் கட்டைகள் இறங்கின. வெளியூர் பேருந்துகளை எங்கே நிறுத்துவது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள். சென்னைக்கு மறுபடி எப்போது போவது என்பதைத் திருவிழாக் கூட்டம் தீர்மானிக்கவில்லை, விரல்கள்தான் தீர்மானித்தன. நுனிகள் கறுத்து, உலர்ந்து, சுருங்கிக்கொண்டே வந்தன. கோடு இன்னும் சரியாக விழவில்லை. ஒரு நாள் கோடு முதல் கணுவுக்கு மேலே நின்றுவிடும்போல் தெரியும். அருணாதேவி கட்டு மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மறுநாள் கீழே இறங்கியிருக்கும். கட்டைவிரலாவது நிற்கட்டும் என்று இருவருமே நினைத்தார்கள், இருவருமே சொல்லவில்லை. கட்டைவிரல் இருந்தால் டம்ளரைப் பிடிக்கலாம், ஸ்பானரைப் பிடிக்கலாம்.

இளவரசன் ஒருநாள் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அண்ணே, இனிமே மீட்டரு இல்லாம பொட்டியத் தொறக்கறதில்லன்னு..." என்று ஆரம்பித்தான்.

"நல்லது. அடுத்த பூஜைக்கு அதுக்குப் பொட்டு வைக்காத. அதான் அதுக்கு மப்பு ஏறிடுச்சு" என்றான் கலையரசன். இளவரசன் சிரிக்க முயன்று முடியாமல் வெளியே போய்விட்டான்.

அன்று மதியம் அருணாதேவி சாதம் பிசைந்து ஊட்டினாள். சாப்பிட்டு முடித்ததும் கலையரசன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் புரண்டான். வலிக்கு வேறு மருந்து இருந்தது; இது வலி இல்லை. கறுத்த பகுதிக்குக் கீழே, பிழைக்குமா போகுமா என்று தெரியாத தோலில் அரிப்பு. சொறியவும் முடியாது.

"அந்த மாத்திரைய ஒண்ணு குடேன்" என்றான்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். சென்னை மருத்துவர் எழுதிக் கொடுத்ததிலும் அது இருந்தது, தூங்கும் முன் ஒன்று, அரிப்புக்கு. அட்டையைப் பிதுக்கிய சத்தத்தில் அவளுக்குக் கை கூசியது. மாத்திரையை அவன் நாக்கில் வைத்து, டம்ளரைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "டீச்சர். துண்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எத்தினி சீட்டு?"

"எல்லா சீட்டும்."

"பஸ்ஸு?"

அவள் அவன் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மாத்திரை தன் வேலையைச் செய்தது. அரிப்பு அடங்கி அவன் தூங்கிப்போனான். தலையணைமேல் இருந்த கையில், வெள்ளைக் கட்டுக்குள், கோடு மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக் காலையில் கட்டைப் பிரிக்கும்வரை தெரியப்போவதும் இல்லை. அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.